வீட்டு ஹம்மஸ்: கடலை வேகும் பதம், தஹினி, பூண்டு, மேலே போடுவது – எல்லாம் ஒரே இழையில்

#1 – அளவுகோல்

ஹம்மஸ் (கொண்டைக்கடலையை வேகவைத்து அரைக்கும் விழுது) பற்றி இங்கே வரும் கேள்விகளில் முக்கால்வாசி இரண்டு காரணங்களில் வந்து நிற்கின்றன. ஒன்று, கடலை வேக வேண்டிய அளவு வேகவில்லை. இரண்டு, தஹினி (எள்ளை அரைத்த விழுது) போட வேண்டிய அளவு போடவில்லை. என்ன சுவை சேர்ப்பது என்பதெல்லாம் இந்த இரண்டும் சரியான பிறகுதான். அதனால் முதலில் அடிப்படை அளவு. லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம் செய்யும் தஹினி ஹம்மஸ் இது.

வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம் (சின்ன ரகம் கிடைத்தால் நல்லது)
சமையல் சோடா ஊறவைக்க ½ டீஸ்பூன், வேகவைக்க ½ டீஸ்பூன்
தஹினி 180 கிராம்
எலுமிச்சைச் சாறு 50 முதல் 60 மி.லி.
பூண்டு 3 பல்
உப்பு 1½ டீஸ்பூன்
ஐஸ் தண்ணீர் 80 முதல் 120 மி.லி.
மேலே ஊற்ற ஆலிவ் எண்ணெய்

இது ஏறக்குறைய 900 கிராம் வரும்.

கடலையை நாலு மடங்கு தண்ணீரில் சோடா கரைத்து 10 முதல் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள், நேரம் மட்டும் கொஞ்சம் கூடும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, நன்றாக அலசி, புதுத் தண்ணீரும் மீதி சோடாவும் சேர்த்து அடுப்பில் வையுங்கள். திறந்த பாத்திரத்தில் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேலே வரும் நுரையையும் மிதக்கும் தோலையும் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள்.

பதம் இதுதான்: ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தினால், நடுவில் பருக்கை எதுவும் தட்டுப்படாமல் அப்படியே நசுங்க வேண்டும். சுண்டலுக்குப் போதும் என்று இறக்கும் பதத்துக்கு மேலும் கால் மணி, இருபது நிமிடம் போக வேண்டும். கடலை உடைந்து கரைவது பற்றிக் கவலைப்படாதீர்கள், இங்கே நமக்கு அதுதான் வேண்டும்.

வடித்து, ஒரு கப் வெந்த தண்ணீரைத் தனியே எடுத்து வையுங்கள். ஆவி அடங்கியதும், சூடு இருக்கும்போதே கடலையை மட்டும் மூன்று நான்கு நிமிடம் அரையுங்கள். விழுதை ஆறவிடுங்கள். தஹினி, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு நான்கையும் வேறு பாத்திரத்தில் கலக்குங்கள். அது முதலில் கெட்டியாகித் திரண்டு நிற்கும், பயப்பட வேண்டாம். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் வெளுத்து, இளகி, க்ரீம் போல வந்துவிடும். இதைக் கடலை விழுதோடு சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

வேண்டிய பதத்தைவிடச் சற்றுத் தளர்வாக நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் அது இறுகும்.

#2 – நிலா_கோவை

நல்ல இழை, நன்றி. ஒரு சந்தேகம். ராத்திரி முழுக்க ஊறவெச்சு குக்கர்ல 6 விசில் விட்ட கடலைகூட அரைச்சா லேசா மணல் மாதிரி நெருடுது. கையில நசுங்குது, வாயில நெருடுது. இதுக்கு என்ன காரணம்? தோல் உரிச்சே ஆகணுமா?

#3 – வேதியியல்_வாசு

நிலா, இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

முதலாவது தண்ணீர். கடலையின் செல்களைப் பிடித்து வைத்திருப்பது பெக்டின். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. போர் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் தோலும் வெளிப்புறமும் சரியாக மசியாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ பயன்படுத்தினால் வித்தியாசம் உடனே தெரியும்.

இரண்டாவது கடலையின் வயது. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த கடலை, ஊறினாலும் வேகாத தன்மைக்குப் போய்விடும். மளிகைக் கடையில் மூட்டையின் அடியில் கிடந்த சரக்கு அப்படித்தான் இருக்கும். சுருக்கம் ஆழமாகவும் நிறம் மங்கிப் பழுப்பாகவும் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாவது சோடா. சோடா தரும் கார நிலையில் (புளிப்புக்கு எதிரான நிலை) பெக்டின் சிதைந்து கரைகிறது, தோலும் மெலிகிறது. 250 கிராமுக்கு வேகும்போது ½ டீஸ்பூன் போதும். ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், நிறமும் மஞ்சளடிக்கும். ஊறவைத்த சோடாத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

நான்காவது, ஆறிய கடலையை அரைப்பது. வெந்தபோது இளகிய மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி இறுகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கடலையை அரைத்தால் நெருடல் வருவது இதனால்தான். அப்படிப்பட்ட கடலையை வெந்நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அரையுங்கள்.

தோலை ஒவ்வொன்றாக உரிக்கத் தேவையில்லை. ஊறிய கடலையை வடித்து, வாணலியில் அரை டீஸ்பூன் சோடாவோடு மூன்று நிமிடம் நடுத்தர தீயில் புரட்டிவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி வேகவையுங்கள் (இப்படிச் செய்தால் வேகும் தண்ணீரில் தனியாக சோடா வேண்டாம்). தோல் தானே கழன்று மேலே மிதக்கும், வடிகரண்டியால் அள்ளிவிடலாம்.

இன்னொன்று: உப்புப் போட்டால் கடலை வேகாது என்பது சரியல்ல. ஊறும் தண்ணீரில் உப்புச் சேர்த்தால் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து மென்மையாக்கத்தான் செய்யும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. எலுமிச்சை, தக்காளி, புளி எதையும் வேகும்போது கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

#4 – அளவுகோல்

வாசு சொன்னதோடு குக்கர் பற்றிச் சேர்க்கிறேன். விசில் கணக்கு இதற்கு உதவாது. குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு மாறும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 15 முதல் 20 நிமிடம் கணக்கிடுங்கள். சோடா போட்ட கடலை அதிகம் நுரைக்கும், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது; ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை கட்டுப்படும். ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும். வெயிட்டைத் தூக்கிவிட்டால் நுரையும் தோலும் வால்வில் ஏறி அடைத்துக்கொள்ளும். நுரையை எடுக்க நினைப்பவர்கள் மூடி போடாமல் முதலில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையை அள்ளிவிட்டு, பிறகு மூடலாம்.

#5 – தயா_டொரன்டோ

ரின் (டின்) கடலை பாவிக்கிற ஆக்களுக்கும் ஒரு வழி இருக்கு. 400 கிராம் ரின்னில வடிச்சால் 240 கிராம் மட்டில் கடலை வரும். அப்படியே அரைச்சால் ஒருநாளும் கடையில விக்கிற பதம் வராது, ஏனென்றால் அந்தக் கடலை சலாட்டுக்கு உருக்குலையாமல் நிக்கிற மாதிரித்தான் அவிச்சிருப்பினம். கழுவிப்போட்டு, மூடுற அளவு தண்ணியும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டு 15–20 நிமிஷம் நல்லாக் கொதிக்க விடுங்கோ. கடலை வீங்கி உடைய வெளிக்கிடும், தோலும் கழரும். பிறகு வடிச்சு அரையுங்கோ.

இரண்டு ரின்னுக்குத் தஹினி 150 கிராம் காணும். தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) மூன்று மேசைக்கரண்டி, உள்ளி இரண்டு பல். உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போடுங்கோ, ரின் கடலையில ஏற்கெனவே உப்பு இருக்கும்.

#6 – ரஹீம்_ஷார்ஜா

அளவுகோல் கொடுத்த விகிதம் சரி. வீட்டில் செய்பவர்கள் 250 கிராம் கடலைக்கு இரண்டு ஸ்பூன் தஹினி ஊற்றிவிட்டு, வழவழப்பு வரவில்லை என்று ஆலிவ் எண்ணெயை விட்டுக்கொண்டே போவார்கள். அது ஹம்மஸ் அல்ல, எண்ணெய் சேர்த்த கடலை மசியல். வழவழப்பும் கனமும் தஹினியிலிருந்து வர வேண்டும். லெவண்ட் (லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம்) உணவகங்களில் ஆலிவ் எண்ணெய் அரைக்கும்போது சேர்வதே அபூர்வம், தட்டில் பரப்பிய பிறகு மேலே ஊற்றுவதுதான் வழக்கம். அதற்கு நியாயமும் உண்டு: நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயை வேகமான பிளேடில் அடித்தால் அதிலுள்ள கசப்புப் பொருள்கள் வெளிப்பட்டு மொத்தமும் கசக்கும்.

தஹினி வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். எள் மட்டும் இருக்க வேண்டும். மேலே எண்ணெய் பிரிந்து நிற்பது குறையில்லை, நன்றாகக் கலக்கிக்கொள்ளலாம். அடியில் களிமண் போல இறுகிக் கத்தி இறங்காமல் நின்றால் மிகப் பழைய சரக்கு என்று விட்டுவிடுங்கள். ஸ்பூனில் எடுத்தால் நூல் போல ஓட வேண்டும், வெறும் வாயில் சுவைத்தால் இறுதியில் மட்டும் மெல்லிய கசப்பு இருக்கலாம். எத்தியோப்பியாவின் ஹுமேரா பகுதி எள்ளில் அரைத்ததென்றால் யோசிக்காமல் எடுக்கலாம். பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் தஹினிக்கும் நல்ல பெயர் உண்டு. காஸாவில் எள்ளை ஆழமாக வறுத்து அரைக்கும் சிவப்புத் தஹினி ஒன்று இருக்கிறது. அருமையான பொருள், ஆனால் அதன் வறுத்த வாசம் ஹம்மஸில் கடலையை முழுவதும் அமுக்கிவிடும்.

#7 – சுபா_மதுரை

எங்க ஊர்ல தஹினி சின்ன பாட்டிலே நல்ல விலை. வீட்டிலேயே எள் வாங்கி அரைக்கலாம்னு பார்த்தா கசக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. மிக்ஸில வழவழன்னு வருமா? நல்லெண்ணெய் ஊத்தி அரைக்கலாமா?

#8 – அளவுகோல்

வரும் சுபா. கசப்பு இரண்டு இடத்திலிருந்து வருகிறது, தோலிலிருந்தும் அதிகம் வறுப்பதிலிருந்தும். எண்ணெய்க்கும் எள்ளுருண்டைக்கும் வாங்கும் கறுப்பு எள், சிவப்பு எள் எதுவும் இதற்கு ஆகாது. தோல் நீக்கிய வெள்ளை எள் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் தோல் நீக்கியது அல்ல. தோல் நீக்கியது பளபளப்பில்லாமல், தந்த நிறத்தில் ஒரே சீராக இருக்கும்.

200 கிராம் எள்ளை அடிகனமான வாணலியில் சிறுதீயில் நான்கைந்து நிமிடம் புரட்டுங்கள். நிறம் மாறக் கூடாது. வாசம் எழுந்து, தொட்டால் சுடும் அளவில் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் சிவந்துவிடும். வெதுவெதுப்புக்கு ஆறியதும் சின்ன ஜாரில் போட்டு எண்ணெய் இல்லாமல் விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு சுவரில் அப்பும், வழித்துவிட்டுத் தொடர்ந்தால் எண்ணெய் விட்டுக் கட்டியாகச் சேரும். அந்த நிலையில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்தி என்று நான்கைந்து சுற்று ஓட்டுங்கள். இடைவெளி மோட்டாருக்காக மட்டும் இல்லை. ஜார் சூடேறினால் எள்ளும் கருகிய சுவைக்குப் போகும்.

மணமில்லாத எண்ணெய், சூரியகாந்தி போல, போதும். நம் செக்கு நல்லெண்ணெயில் கருப்பட்டி சேர்த்து ஆட்டியிருப்பார்கள், அந்த மணம் எலுமிச்சையோடு ஒத்துப்போகாது. வேண்டுமானால் 3 ஸ்பூனில் ஒரு ஸ்பூன் மட்டும் நல்லெண்ணெய் விடலாம்.

கடைத் தஹினி கல் இயந்திரத்தில் அரைபடுவது. அந்த நேர்த்தி மிக்ஸியில் முழுதாக வராது என்றாலும் கடலையோடு சேர்ந்து மறுபடி அரைபடும்போது குறை தெரியாது. வேர்க்கடலை வெண்ணெய், முந்திரி விழுது போட்டுச் செய்வதை நான் ஹம்மஸ் என்று எழுத மாட்டேன். தின்ன நன்றாக இருக்கலாம், பண்டம் வேறு.

#9 – நிலா_கோவை

தஹினியில எலுமிச்சை விட்டதும் திரியுற மாதிரி கெட்டியாகுதே, அது ஏன்? கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் கொட்டிடறாங்க.

#10 – வேதியியல்_வாசு

திரியவில்லை. தஹினி என்பது எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய எள் துகள்கள். கொஞ்சம் தண்ணீரோ சாறோ பட்டதும் அந்தத் துகள்கள் ஈரத்தை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதனால் திரள்கிறது. இன்னும் தண்ணீர் சேரும்போது நிலைமை தலைகீழாகி, தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் சிதறிய குழம்பாக மாறுகிறது. வெளுப்பதும் இளகுவதும் அப்போதுதான். கெட்டியான கட்டத்தில் நிறுத்திவிட்டால்தான் கனமாக, தொண்டையில் ஒட்டுகிற ஹம்மஸ் வரும். ஆகவே 180 கிராம் தஹினிக்கு, சாறு போக, குறைந்தது 80 மி.லி. தண்ணீர் போய்த்தான் ஆக வேண்டும். தண்ணீர் ஐஸ் போல இருப்பது நல்லது, அரைபடும் சூட்டை அது தணிக்கும், நிறமும் வெளுப்பாக நிற்கும்.

பூண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூண்டை நசுக்கியதும் ஒரு நொதி வேலை செய்து காரமான அல்லிசினை உண்டாக்குகிறது. நேரம் போகப்போக அந்தக் காரம் முரட்டு வாடையாகும். அமிலம் அந்த நொதியை முடக்கும். அதனால் பூண்டைத் தனியே நசுக்கி வைக்காமல், எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் உப்பு இரண்டோடும் சேர்த்தே ஜாரில் அரைத்து, பத்து நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். சக்கையை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் தஹினியில் சேருங்கள். பூண்டின் மணம் முழுதும் வரும், மறுநாள் ஏப்பத்தில் நிற்கும் எரிச்சல் வராது. முளைவிட்ட பூண்டென்றால் நடுவிலுள்ள பச்சைக் குருத்தை எடுத்துவிடுங்கள், அது கசக்கும்.

#11 – சுபா_மதுரை

பூண்டை இப்படி வடிகட்டிப் போடுறது அருமையான யோசனை. நம்ம எலுமிச்சையும் அங்க கிடைக்கிற பெரிய மஞ்சள் லெமனும் ஒண்ணா? அளவு மாறுமா? வினிகர் போடலாமா?

#12 – ரஹீம்_ஷார்ஜா

ஒன்றல்ல. அங்கே பயன்படுவது தடித்த தோலுள்ள பெரிய லெமன், புளிப்பு கொஞ்சம் மென்மை. நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை கூர்மையானது, அழுத்திப் பிழிந்தால் தோலின் எண்ணெயும் இறங்கிக் கசக்கும். மெதுவாகப் பிழியுங்கள். 60 மி.லி. என்று எழுதிய இடத்தில் 45-இல் தொடங்கி ருசி பார்த்து ஏற்றுங்கள். பிழிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வினிகருக்கு வரலாறு உண்டு. கெய்ரோவில் 13-ஆம் நூற்றாண்டையொட்டி எழுதப்பட்ட சமையல் நூல்களில் வரும் கடலை மசியலில் வினிகரும் ஊறுகாய் எலுமிச்சையும்தான் புளிப்பு. ஆனால் அதில் தஹினியும் இல்லை, பூண்டும் இல்லை. தஹினி சேர்ந்த இன்றைய ஹம்மஸில் வினிகர் தனித்துத் துருத்திக்கொண்டு நிற்கும். எலுமிச்சையே கிடைக்காவிட்டால் சிட்ரிக் அமிலம் கால் டீஸ்பூனை 50 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சேர்த்துப் பாருங்கள், பல உணவகங்கள் அதைத்தான் செய்கின்றன.

சீரகம் பற்றியும் சண்டை வரும் என்பதால் முன்கூட்டியே: பாலஸ்தீனப் பக்கம் சிலர் சேர்ப்பார்கள், லெபனான்காரர்கள் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் 250 கிராம் கடலைக்குக் கால் டீஸ்பூன், அன்றே வறுத்துப் பொடித்தது. யாருடைய ஹம்மஸ் உண்மையானது என்ற வழக்கு தீராத வழக்கு. 2010 ஜனவரியில் ஜெருசலேம் அருகே அபூ கோஷ் ஊரில் 4 டன் அளவில் ஹம்மஸ் கிண்டிக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். அதே மே மாதம் லெபனானில் 10,452 கிலோ செய்து அதை முறியடித்தார்கள். அந்த எண், லெபனானின் பரப்பளவைச் சதுர கிலோமீட்டரில் குறிக்கும் எண். அவ்வளவு தூரம் மனசோடு கலந்த உணவு அவர்களுக்கு, நாம் மாற்றங்கள் செய்யும்போது அந்த மரியாதை இருக்கட்டும்.

#13 – தயா_டொரன்டோ

மாற்றங்கள் என்று வந்தபடியால் கேக்கிறன். பீட்ரூட், சிவப்புக் குடைமிளகாய், மல்லித்தழை எல்லாம் போட்டு அரைக்கிறது பற்றி உங்கட கருத்து என்ன? இங்க கடையில இருபது விதம் இருக்கு. பிள்ளைகளுக்கு நிறம் பார்த்தால்தான் பிடிக்குது.

#14 – அளவுகோல்

தாராளமாகச் செய்யுங்கள் தயா. ஆனால் தண்ணீர்க் கணக்கு தெரியாமல் செய்தால் நிறமிருக்கும், ருசி இருக்காது. காய்கறி முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை முடிந்த ஹம்மஸில் போட்டு அரைத்தால் உப்பு, புளிப்பு, தஹினி மூன்றும் ஒரே நேரத்தில் நீர்த்துப்போகும். 500 கிராம் ஹம்மஸுக்கு 100 முதல் 120 கிராம் காய் என்பது என் வரம்பு. அதற்கு ஈடாக ஐஸ் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, உப்பும் சாறும் கடைசியில் மறுபடி சரிபாருங்கள்.

பீட்ரூட்டை வேகவைக்காமல் ஃபாயிலில் சுற்றி 200 டிகிரி ஓவனில் 50–60 நிமிடம் சுடுங்கள். ஓவன் இல்லையென்றால் ஆவியில் வைத்து, துண்டுகளை வாணலியில் ஈரம் வற்றப் புரட்டுங்கள். பீட்ரூட்டின் சிவப்பு புளிப்பில் பளிச்சென்று நிற்கும், சோடாவின் கார நிலையில் பழுப்படிக்கும். ஆகவே அன்று சோடா போட்ட கடலையை வெந்நீரில் ஒருமுறை நன்கு அலசிவிட்டு அரையுங்கள்.

சிவப்புக் குடைமிளகாயை நேரடித் தீயில் கறுக்கச் சுட்டு, பத்து நிமிடம் மூடிவைத்துத் தோலை வழியுங்கள். குழாயில் கழுவ வேண்டாம், சுட்ட வாசம் தண்ணீரோடு போய்விடும். வடிகட்டியில் அரை மணி நேரம் போட்டு நீர் வடித்தபின் சேருங்கள்.

மல்லி, பார்ஸ்லி போன்றவற்றைக் கொதிநீரில் 15 விநாடி முக்கி ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து சேர்த்தால் பச்சை நன்றாக வரும். ஆனால் எலுமிச்சை சேர்ந்த இடத்தில் மறுநாளே அது காக்கி நிறத்துக்குப் போகும், எதுவும் செய்ய முடியாது. அன்றே காலி செய்யும் அளவு மட்டும் செய்யுங்கள். அவகாடோவுக்கும் இதேதான், கூடவே தஹினியைப் பாதியாக்கினால்தான் கொழுப்புத் திகட்டாது.

#15 – ரஹீம்_ஷார்ஜா

எனக்கு இதில் உடன்பாடில்லை, மன்னிக்கவும். நிறம் சேர்த்து அரைத்தால் கடலையின் சுவை முதலில் சாகிறது. இத்தனை பாடுபட்டுக் கடலையை வேகவைத்தது அதற்கா? லெவண்டில் வேறு சுவை வேண்டுமென்றால் ஹம்மஸுக்கு *மேலே* போடுவார்கள். பெய்ரூட்டி ஹம்மஸ் ஒன்றில்தான் பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, பச்சை மிளகாய், கூடுதல் பூண்டு உள்ளே கலக்கும். அதுவும் அரைப்பதில்லை, கலப்பதோடு சரி.

மேலே போட எத்தனையோ இருக்கின்றன. ஆட்டுக்கறிக் கீமா 200 கிராமை நெய்யில் ஈரம் முழுதும் வற்றிச் சிவக்கும்வரை வறுத்து, பஹாரத் (அரபு கரம் மசாலா போன்ற கலவை) அரை டீஸ்பூன், பட்டைத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு போட்டு, சூடாக ஹம்மஸின் நடுக்குழியில் கொட்டுங்கள். பைன் பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூனைத் தனியே நெய்யில் சிறுதீயில் வறுத்து மேலே தூவுங்கள். பொன்னிறத்துக்கு ஒரு படி முன்பே எடுத்துவிட வேண்டும், நெய்யின் சூட்டிலேயே மீதி நிறம் ஏறும். கடையில் பைன் பருப்பு வாங்கும்போது ஒன்றை மென்று பாருங்கள், சிக்குவாடை அடித்தால் வேண்டாம்.

கறி வேண்டாதவர்களுக்கு முசபஹா இருக்கிறது. வெந்த கடலையில் கால் பங்கை அரைக்காமல் எடுத்துவைத்து, தஹினி, எலுமிச்சை, பூண்டுக் கலவையை வெந்த தண்ணீரால் குழம்புப் பதத்துக்கு இளக்கி, கடலையைச் சூடாக அதில் புரட்டி ஹம்மஸ் மேல் ஊற்றுவது. வேகவைத்து மசித்த ஃபூல் என்னும் பெரிய பயறும் மேலே போகும். சுமாக் (புளிப்பான சிவப்புப் பழத்தூள்), ஸாத்தர் (மூலிகையும் எள்ளும் கலந்த தூள்), அலெப்போ மிளகாய்த் தூள், ஷத்தா என்னும் மிளகாய் விழுது எல்லாம் விரல் நுனி அளவில் போதும்.

தாளித்துக் கொட்டலாமா என்று யாராவது கேட்பீர்கள். தூள் மசாலா எதையும் பச்சையாக ஹம்மஸில் கலந்தால் பச்சை வாடை அடிக்கும் என்பதால், வெதுவெதுப்பான எண்ணெயில் அரை நிமிடம் வைத்து ஊற்றுவது சரியான முறைதான். சிவப்பு மிளகாயும் சீரகமும் பொருந்தும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் போனால் அது நம் துவையல் பக்கம் வந்துவிடும்.

#16 – தயா_டொரன்டோ

ரஹீம் அண்ணை, முசபஹா பற்றி எழுதினதுக்கு நன்றி, வார இறுதிக்கு அதுதான். ஆனாலும் பீட்ரூட்டை விடேலாது. பிள்ளைகள் கடலை சாப்பிடுறதே அந்த நிறத்துக்காகத்தான், அந்த அளவில அது நல்ல வேலை செய்யுது.

#17 – நிலா_கோவை

அரைக்கிறதைப் பத்திக் கேட்கணும். மிக்ஸி, வெட் கிரைண்டர், ஃபுட் பிராசசர், இதுல எது நல்லது? கறுப்புக் கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு வெச்சு செய்யலாமா?

#18 – அளவுகோல்

ஃபுட் பிராசசர் 250 கிராமுக்கு மேல் இருந்தால் நல்லது, ஆனால் ஐந்தாறு நிமிடம் ஓட வேண்டும். நம் மிக்ஸியின் வேகம் அதிகம். நடு ஜாரில் பாதி பாதியாக அரைத்தால் அதைவிட வழவழப்பாக வரும். கெட்டியாகிப் பிளேடு சும்மா சுற்றினால் எண்ணெய் விடாமல் வெந்த தண்ணீர் ஒரு ஸ்பூன் விடுங்கள். ஒரு எச்சரிக்கை: கொதிக்கக் கொதிக்கக் கடலையைப் போட்டு மூடி இறுக்கி ஓட்டாதீர்கள். உள்ளே ஆவி சேர்ந்து மூடி தூக்கி அடிக்கும். வடித்த பின் ஐந்து நிமிடம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் அரையுங்கள்.

வெட் கிரைண்டர் 500 கிராம் கடலைக்கு மேல் செய்யும்போதுதான் பயன்படும். குறைவாகப் போட்டால் கல்லுக்கு அடியில் சிக்காது. ஆனால் கல்லில் 15–20 நிமிடம் ஓடிய ஹம்மஸின் மென்மைக்கு வீட்டில் வேறு எதுவும் ஈடில்லை, சூடும் ஏறாது. இட்லி மாவு வாசம் போகக் கல்லை முந்தியே நன்றாகக் கழுவுங்கள்.

கறுப்புக் கொண்டைக்கடலையின் தோல் தடிப்பு, தோலோடு அரைத்தால் திப்பி நிற்கும், நிறமும் மங்கல். கடலைப்பருப்பு அதே இனம்தான், தோல் நீங்கி உடைத்தது. மூன்று மணி நேரம் ஊறினால் போதும், சீக்கிரம் மசியும், வழவழப்பும் வரும். ஆனால் வெள்ளைக் கடலைக்குரிய வாசம் குறைவு, பருப்பு மணம் தூக்கும். அவசரத்துக்குச் சரி. பொட்டுக்கடலை கூடவே கூடாது, சட்னியின் மாவுத்தன்மை வந்துவிடும்.

#19 – சுபா_மதுரை

எத்தனை நாள் வெச்சுக்கலாம்? விருந்துக்கு முந்தின நாளே செஞ்சு வெக்கணும்.

#20 – வேதியியல்_வாசு

காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் மூன்று முதல் நான்கு நாள். மேலே மெல்லியதாக எண்ணெய் பரப்பினால் காயாது. வெளியே இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். எலுமிச்சை இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், போடும் அளவு கிருமியைத் தடுக்கும் புளிப்புக்குப் போதாது. தட்டில் வைத்து எல்லாரும் ரொட்டி தொட்டதை மறுபடி டப்பாவில் சேர்க்காதீர்கள். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைத்திருந்து ஊற்றுவதும் ஆபத்து, அதில் பாட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு.

ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். ஃப்ரிட்ஜுக்கு மாற்றி ஒரு இரவு உருகவிட்டு, இரண்டு ஸ்பூன் வெந்நீரும் ஒரு ஸ்பூன் தஹினியும் விட்டு அடித்தால் பழைய பதத்துக்கு வரும். கடலையை மட்டும் வேகவைத்து ஃப்ரீசரில் போட்டு, விருந்தன்று சூடாக்கி அரைப்பது இதைவிட நல்ல வழி.

முந்தின நாள் செய்வதென்றால் எலுமிச்சையில் ஒரு ஸ்பூன் நிறுத்திவைத்து, பரிமாறும் முன் சேருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் கழித்துப் பரப்புங்கள்; சில்லென்று இருந்தால் தஹினியின் ருசியே தெரியாது.

#21 – நிலா_கோவை

கடைசியா ஒண்ணு. செஞ்சு முடிச்ச பிறகு நீர்த்துப்போச்சு, உப்புக் கரிக்குது, கசக்குதுன்னா காப்பாத்த வழி இருக்கா?

#22 – அளவுகோல்

நீர்த்திருந்தால் முதலில் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் தானே இறுகும். அப்படியும் ஓடினால் தஹினி இரண்டு ஸ்பூன். உப்புக் கூடியிருந்தால் உப்பில்லாமல் வெந்த கடலை 100 கிராமை அரைத்துச் சேருங்கள், இதற்காகவே ஒரு பிடி கடலையை எடுத்துவைப்பது நல்லது. தண்ணீர் விட்டு உப்பைச் சரிசெய்ய முயன்றால் மற்ற ருசியும் போகும்.

கசப்புக்குக் காரணம் பார்க்க வேண்டும். உள்ளே அரைபட்ட ஆலிவ் எண்ணெய் என்றாலோ பழைய தஹினி என்றாலோ காப்பாற்ற முடியாது. எலுமிச்சைத் தோலின் கசப்பென்றால் இன்னொரு பங்கு கடலையோடு கலந்து, கீமா போல அழுத்தமான ஒன்றை மேலே போட்டுப் பரிமாறலாம். சோடாவின் சோப்பு வாடை என்றால் எலுமிச்சை ஒரு ஸ்பூன் கூட்டினால் ஓரளவு அடங்கும், முழுதாகப் போகாது.

பரப்பும்போது அகலமான, ஆழமில்லாத தட்டு எடுங்கள். கரண்டியின் பின்புறத்தால் நடுவில் அழுத்தித் தட்டைச் சுழற்றினால் ஓரம் உயர்ந்து குழி விழும். எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வெந்த முழுக் கடலை கொஞ்சம், மிளகாய்த் தூள் அந்தக் குழியில். பக்கத்தில் நறுக்கிய பச்சை வெங்காயமும் டர்னிப் ஊறுகாயும், சூடான குப்ஸ் ரொட்டியும் வையுங்கள்.